ரேங்கிங்குக்குப் போட்ட ஓட்டு

ஐந்தருவியில் குளிக்க வரிசையில் நின்றேன். போலீஸ்காரர் விசில் ஊதினால் ஒரு கூட்டம் வெளியே வரும், அடுத்த கூட்டம் உள்ளே போகும். எனக்கு முன்னால் உடம்பெல்லாம் எண்ணெயோடு இரண்டு பேர். வேறு வேறு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இளையவர் இப்படிச் சொன்ன பிறகு நான் அருவியைப் பார்க்கவில்லை.

"மறந்தெல்லாம் போகல அண்ணாச்சி. ஒங்க யுனிவர்சிட்டிக்கு ஓட்டு போட மனசாட்சி விடல."

"என்னவே சொல்லுதீரு? உலகத்துல நல்ல யுனிவர்சிட்டி எதுன்னு ரேங்கிங் போடுதவன் நம்மகிட்ட கேக்கான். சொந்த இடத்தப் போடக்கூடாதுங்கான். அதுக்குத்தானே ஒம்மத நான் போடுதேன், எங்களத நீரு போடும்னு பேசி வச்சோம்?"

"பேசினோம். ஃபாரத்தத் தொறந்ததும் கை தன்னால லண்டனுக்குப் போயிட்டு."

மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் அமெரிக்காவுக்குப் போட்டுட்டேன்."

"அடப்பாவமே! லிஸ்ட்ல நம்ம பேரே இல்லன்னதும், எல்லாம் வெள்ளைக்காரன் சதின்னு ஸ்டாஃப் மீட்டிங்ல அரை மணி நேரம் பேசினேனே!"

"நான் முக்கா மணி நேரம் பேசினேன்வே."

வரிசை நாலடி நகர்ந்தது.

"சரி, அடுத்த வருசம் சத்தியமா மாத்திப் போட்டுருவோம். ஒம்ம மவ பிளஸ் டூ முடிச்சிட்டாள்லா? எங்ககிட்ட சேரும், நான் பாத்துக்கிடுதேன்."

"ஒங்க மவன் அங்கனதான் படிக்கானா அண்ணாச்சி?"

விசில் சத்தம் கேட்டவர் மாதிரி மூத்தவர் சட்டென்று போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.