மாறிய கட்டங்கள் மட்டும்

மழை பெய்தால் என் வீட்டுக்கு ஒருவர்தான் வருவார். அவர்தான் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன், நீங்கள் நின்றீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள். குடையை வாசலிலேயே சாய்த்து வையுங்கள். மாத்தே இலைத் தேநீர் இப்போதுதான் போட்டேன், தண்ணீர் சூடாகவே இருக்கிறது.

எல்விரா தெச்சேராவின் புது வக்கீல் என்கிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் தாளைக் கதவருகிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். நான்கு வருடத்துக்கு முன் வில்மார் ஒலிவேரா எங்களுக்கு அனுப்பிய புகார் அது. அவர் பைசாந்து பக்கத்துக் கிராமங்களில் மாட்டு டாக்டராக இருக்கிறார். இணையத்திலிருந்த புகாரை நான் நீக்கிவிட்டேன். அவர் அச்செடுத்து வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. கிராமத்து மனிதர்கள் காகிதத்தை எறிவதில்லை.

ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நானும் ஃபகுந்தோ என்ற நண்பனும் ஒர்னேரோ என்றொரு லைப்ரரியை, அதாவது மற்ற நிரலாளர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பராமரிக்கிறோம். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் தொழிலில் மரியாதை உண்டு. மருத்துவமனையோ பள்ளியோ பண்ணையோ, எதன் தகவலும் டேட்டாபேஸில் அட்டவணைகளாகக் கிடக்கும். ஆளுக்கு ஒரு வரி. வரியில் பெயர், தொலைபேசி எண் என்று பல கட்டங்கள். அந்த வரியை எடுத்து இணையதளத்தின் திரைக்குக் கொண்டுவருவதும், திருத்தியபின் திரும்ப எழுதுவதும் எங்கள் லைப்ரரியின் வேலை. அதை வேகமாகச் செய்யும். ஒருவர் ஒரு பதிவைத் திறந்தால், அவர் மூடும்வரை அதன் நகல் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளும். சேமிக்கும்போது அந்த நகலை முழுசாக அப்படியே எழுதிவிடும். ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டு. அபூர்வம் என்று விட்டுவிட்டோம்.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. பிழை என்று புகார் கொடுப்பவர், அதை நிரூபிக்கும் சோதனை நிரல் ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஓடவிட்டால் சிவப்புக் கோடு வர வேண்டும். வராவிட்டால் பிழை இல்லை. வெட்டிப் புகார்கள் குவிந்ததால் நான்தான் அதை எழுதினேன். நல்ல விதி. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

வில்மார் சோதனை அனுப்பவில்லை. அந்தத் தாளில் இருப்பதைத்தான் எழுதினார். "காலைல ஊசி போட்டாச்சுன்னு குறிச்ச மாடு, சாயங்காலம் போடாத மாடா நிக்குது. அதே நேரத்துல என் மச்சான் காதுப்பட்டை நம்பரைத் திருத்தினான், அவ்வளவுதான். நூத்திப் பன்னெண்டு மாட்டுக்கு ரெண்டாந்தரம் ஊசி போட்டுட்டேன்."

ஃபகுந்தோ என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டுச் சிரித்தான். "மாட்டுக்கே மறதி வந்தாச்சு. இனி கோழிக்கும் வரும், பொறுத்திருடா. சீக்கிரம் முடி, கரி பத்திக்கிச்சு. இறைச்சி கருகினா உன்னைத்தான் சுட்டுத் தின்னணும்."

வெள்ளிக்கிழமை. அவன் வீட்டு முற்றத்தில் விருந்து. சோதனை இணைக்கவும் என்று பதில் எழுதினேன். உடனே மறுமொழி வந்தது. "நான் மாட்டு வைத்தியன் தம்பி. சோதனையெல்லாம் எழுதத் தெரியாது. ஆனா மாடு பொய் சொல்லாது."

சோதனை இல்லை, மூடப்படுகிறது என்று எழுதி மூடினேன். மொத்தம் ஆறு நிமிடம். நொயேலியா முற்றத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நொயேலியா என் மனைவி. எட்டு மாதம் கழித்து, நவம்பரில், கடற்கரையில் கிளிஞ்சல் குத்தி அவள் பாதம் சீழ் பிடித்தது. காய்ச்சல் நாற்பது டிகிரி. நாங்கள் மாதச் சந்தா கட்டி வந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காலை நேரம், கூட்டமில்லை. வரவேற்பு மேசையில் ரொமினா என்ற பெண் அவள் பதிவைத் திறந்தாள்.

"அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்ல ஒரு எண்ணு குறையுதே. புருஷன் நம்பரே தெரியாதா, இல்ல வேணும்னே ஒளிச்சு வச்சாங்களா?"

"ஒளிச்சுத்தான் வச்சிருப்பா. நான் கூப்பிட்டா தொந்தரவுன்னு."

"என் ஆளையும் நான் அப்படித்தான் வச்சிருக்கேன்."

எண்ணைச் சொன்னேன். அவள் தட்டிவிட்டு, சேமிக்காமல், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கும் பேச வேண்டும்போல இருந்தது. பயமாக இருக்கும்போது நான் பேசுவேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில், தட்டிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் எல்விரா நொயேலியாவிடம் கேட்டார். "ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்காதா கண்ணு?"

"பெனிசிலின். சின்ன வயசுல மூச்சே நின்னுடுச்சாம்."

"அப்போ அதைப் பெரிசா எழுதுறேன் பாரு. எந்த டாக்டருக்கும் கண்ணு தெரியாம போகக் கூடாது."

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு சேமிக்கும் விசை. அதை மட்டும் அவர் கொஞ்சம் ஓங்கித் தட்டினார். அதற்குப் பிறகு, என் எதிரே, ரொமினா சிரித்துக்கொண்டே சேமித்தாள்.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அந்த மருத்துவமனையிலும் ஒர்னேரோதான். ரொமினாவின் நகலில் ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தது. எல்விரா எழுதியதன் மேல் அது காலியாகவே எழுதப்பட்டது. பதினோரு மணிக்கு எல்விரா வேறு தளத்துக்குப் போனார். வந்த டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுப் பெனிசிலின் போட்டார். நொயேலியா காய்ச்சலில் அரைத் தூக்கம். ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று நினைத்திருப்பாள். நான் சிற்றுண்டிச் சாலையில் அவளுக்கு ஆரஞ்சுச் சாறு வாங்க வரிசையில் நின்றேன்.

சாறு வேண்டியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், எல்விரா மேல் விசாரணை என்று கேள்விப்பட்டேன். தான் எழுதியதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனைப் பதிவில் யார் எப்போது சேமித்தார் என்று மட்டும் இருந்தது. என்ன எழுதினார் என்று இல்லை. முதலில் எல்விரா, ஒன்றரை நிமிடம் கழித்து ரொமினா. அந்த இரண்டு நேரங்களையும் விசாரணை அதிகாரி என்னிடம் வாசித்துக் காட்டினார். நீங்கள் கணினிக்காரராயிற்றே, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அந்த நொடியில் அது உண்மை. வீடு திரும்பும்போது, பேருந்தில், மாடுகள் ஞாபகம் வந்தன.

வில்மார் எழுதத் தெரியாது என்று சொன்ன சோதனையை அன்று மாலையே எழுதினேன். பதினான்கு வரி. ஒரு பதிவு, திறப்பவர் இருவர். ஒருவர் ஒவ்வாமையை எழுதுகிறார், இன்னொருவர் தொலைபேசி எண்ணை. வழக்கமாக இப்படிப்பட்ட சோதனைக்கு ஏதாவது பொய்ப்பெயர் கொடுப்போம். எனக்கு வேறு பெயர் வரவில்லை. நொயேலியா என்றே கொடுத்தேன். ஓடவிட்டேன். சிவப்புக் கோடு.

இனி நான் செய்ததைத்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள். பிழையைத் திருத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒர்னேரோவை நாட்டில் எத்தனையோ மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. தாமதித்தால் இன்னொருத்தி செத்திருப்பாள். என் இடத்தில் யார் இருந்தாலும் முதலில் திருத்தத்தான் செய்வார்கள்.

வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி எழுதினேன். வேகத்துக்காக, இனி மாறிய கட்டங்கள் மட்டும் எழுதப்படும். அதில் பொய் எதுவும் இல்லை. வேகமும் கூடியது. ஃபகுந்தோ என்னை வினோதமாகப் பார்த்தான். "பொண்டாட்டியைப் புதைச்சு ஒரு வாரம் ஆகல. வேகத்துக்கு இப்ப என்னடா அவசரம்?"

"கையைச் சும்மா வச்சிருக்க முடியல," என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அந்த மருத்துவமனையின் இணையதளத்தை எழுதிய சிறு நிறுவனம், எங்கள் வெளியீடுகளைத் திங்கட்கிழமைதோறும் தானாக ஏற்றிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் நான். ஞாயிறு மதியம் வெளியிட்டேன். திங்கட்கிழமை அது ஏறியது. வியாழக்கிழமை நீதிமன்ற நிபுணர் மருத்துவமனைக்குப் போனார். இரண்டு திரைகளில் ஒரே பதிவைத் திறந்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று எழுதிச் சேமித்துப் பார்த்தார். இரண்டும் நின்றன. இருபது தடவை செய்தாராம். நர்ஸ் எழுதியிருந்தால் அழிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அறிக்கை கொடுத்தார். நல்ல நிபுணர். அவர் கண்டது அனைத்தும் சரி.

வில்மாரின் புகாரை அதற்கு முதல் நாளே நீக்கியிருந்தேன்.

நீதிமன்றத்தில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நர்ஸ் உங்கள் மனைவியிடம் ஒவ்வாமை பற்றிக் கேட்டதைக் கேட்டீர்களா? நான் வரவேற்பு மேசையில் இருந்தேன் என்றேன். இருந்தேன்தானே. தட்டியின் கனம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

எல்விரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. ஒரு பொருளை வைத்த இடத்தில் காணாமல் தேடுகிறவரின் முகம்.

சிறைக்கு அனுப்பவில்லை. முப்பத்தொரு வருட வேலையைப் பறித்தார்கள். இரண்டு வருடம் வாரந்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்து. இப்போது அடுக்கு வீடுகளில் படிக்கட்டு துடைக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தீர்ப்புக்கு அடுத்த மாதம், ஒரு மழை நாளில், இந்தக் கதவைத் தட்டினார். கையில் துணியால் மூடிய தட்டு. மழைக்கு எல்லார் வீட்டிலும் பொரிப்பதுபோலத் தோர்த்தா ஃப்ரீத்தா என்ற மாவு அப்பம் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"நான் எழுதினேன்னுதான் தம்பி எனக்கு ஞாபகம். என் விரலுக்குக்கூட ஞாபகம் இருக்கு. ஆனா அவ்ளோ படிச்சவங்க இல்லேங்கிறாங்க. மெஷின் இல்லேங்குது. அப்போ எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. நான் எழுதல போலிருக்கு. உன் பொண்டாட்டியை நான்தான் கொன்னிருக்கேன். என்னை மன்னிப்பியா?"

அவரை மன்னித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஆறிடும், சாப்பிடு. எலும்பும் தோலுமா இருக்கே. அந்தப் பொண்ணு பார்த்தா என்னைத் திட்டும்." இரண்டு சாப்பிட்டேன். எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது; அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மழை பெய்தால் வருகிறார். மூன்று வருடமாகிறது. கைப்பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கதவைப் பூட்டினேன், அடுப்பை அணைத்தேன், மாத்திரை போட்டேன் என்று மணியோடு எழுதுவார். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பார். கிளம்பும்போது ஒருமுறை கேட்பார். "நான் அன்னிக்கு எழுதலதானே தம்பி?"

"எழுதலைம்மா," என்பேன்.

தலையாட்டுவார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அந்த வாரம் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்றில், நொயேலியாவைக் கொன்றது ஒரு நர்ஸின் கவனக்குறைவு. இன்னொன்றில், நான் கரி கருகும் முன் மூடிய ஒரு புகார், நான் சொன்ன ஒரு தொலைபேசி எண், நான் பேசி வளர்த்த இரண்டு நிமிடம். முதல் வழியில் அவளுக்காக நான் அழ முடிந்தது. இரண்டாவதில் அதற்கு எனக்கு உரிமை இல்லை. எல்விராவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் மிச்சம். அவர் இழந்ததையும் நான் இழந்ததையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று நீங்களே பாருங்கள்.

சோதனை என்னிடம் இருக்கிறது. அழிக்கவில்லை. இந்தப் பென் டிரைவில் பழைய ஒர்னேரோவும் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், எந்த நிபுணரிடமும் கொடுங்கள். பழையதில் ஓடவிட்டால் சிவப்பு வரும். நான் அதைப் பழையதில் ஒரே ஒருமுறைதான் ஓட்டினேன். புதியதில் தினமும் காலையில் ஓட்டுகிறேன். இரண்டு பேர் நொயேலியாவைத் திறப்பார்கள், இரண்டு பேரும் எழுதுவார்கள், இரண்டும் நிற்கும். பச்சைக் கோடு வரும். அதைப் பார்த்த பிறகுதான் பல் துலக்கப் போவேன். சில நாட்கள் திரும்ப ஓட்டுவேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை.

ஆம், எல்லாம் தெரிந்தே செய்தேன். அதைக் கேட்கத்தானே வந்தீர்கள். எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எல்விரா உங்களை இங்கே வர வேண்டாம் என்றாராமே. அந்தப் பையனைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவன் என்னை மன்னிச்சவன் என்றாராம். அவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கலாம்.

கதவு தட்டுகிறது. அவர்தான், மழை வலுத்து கால் மணி நேரம் ஆகிறது. எழுந்திருக்காதீர்கள். உங்களுக்கும் ஒன்று கொடுப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், மனம் நோகும். அந்தத் தாளை மட்டும் பைக்குள் வையுங்கள். அவரிடம் இன்றைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அவர் தாங்கமாட்டார்.