இலேஷாவில் விற்ற வண்டி

லாடிபோ: அந்த டயரைக் கொஞ்சம் கீழே வைக்கக் கூடாதா சிஜு?

சிஜு: லாரிக்காரன் நிக்கிறான் அண்ணே. இதை மாட்டலன்னா என்னைத் தூக்கி மாட்டிடுவான். நீ அகாரா வடை சாப்பிடு, எண்ணெயிலேருந்து இப்பதான் எடுத்தது.

லாடிபோ: இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு தம்பியைப் பாக்க வந்திருக்கேன்...

சிஜு: யாரு வர வேண்டாம்னது? பெனின் ரோடு இங்கேயேதான் கிடக்குது.

லாடிபோ: ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் சர்ச்சுல எனக்கு நன்றி ஆராதனை வைக்கிறாங்க. நாப்பத்தோரு படம் எடுத்துட்டேன். நீ வரணும்.

சிஜு: நாப்பத்தொண்ணா! எல்லாத்துலயும் கடைசியில ஒருத்தன் முழங்கால் போட்டு அழுவானா?

லாடிபோ: ...அழுவான்.

சிஜு: உன் முதல் படத்துல அழுதானே, குடிகாரத் தம்பி. என்னைவிட அவன் நல்லா அழுதான்.

லாடிபோ: நீ... பாத்தியா?

சிஜு: சர்ச் வாசல்ல வெள்ளைத் துணி கட்டி ஓட்டினீங்களே, பின்னாடி நின்னேன். நம்ம அப்பா மாதிரியே ஒரு உபதேசியாரு, அவரு மோட்டார் சைக்கிளைப் புள்ள திருடி வித்து குடிச்சிடுறான். ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. மறுநாள் பஸ் ஏறிட்டேன்.

லாடிபோ: சிஜு, அந்த வண்டி...

சிஜு: விடு அண்ணே. குடிச்சதென்னவோ நான்தான். அதுல பொய்யில்ல. பதினாலு வருஷமா தொடறதில்ல.

லாடிபோ: வண்டியை வித்தது நான்.

சிஜு: லாரிக்காரரே, இன்னும் அஞ்சு நிமிஷம்!

லாடிபோ: இலேஷாவுல ஒருத்தன்கிட்ட கொடுத்துட்டு, கேமரா வாங்கினேன். நீதான் வித்திருப்பேன்னு எல்லாரும் சொன்னப்ப வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் அதையே படமாவும் எடுத்தேன்.

சிஜு: அந்த ஸ்பானரை இப்படிக் கொடு.

லாடிபோ: அப்பா அதுக்கப்புறம் ஏழு ஊருக்கும் நடந்தே போய் பிரசங்கம் பண்ணாரு. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்...

சிஜு: எனக்குத் தெரியும்.

லாடிபோ: என்ன?

சிஜு: வாங்கினவனே அந்த வாரம் என்கிட்ட சொன்னான். உங்க அண்ணன் கணக்கா பேரம் பேசினாருன்னு.

லாடிபோ: அப்ப ஏன் நீ... அப்பா கண் மூடுற வரைக்கும் உன்னைத்தானே திருடன்னு நினைச்சாரு. ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. என் படம் ஒண்ணையும் அவர் உக்காந்து பாக்கல. உன்மேல உள்ள வருத்தம்னு நினைச்சேன்.

சிஜு: அழாதே. லாரிக்காரன் பாக்கிறான்.

லாடிபோ: அவர்கிட்ட சொல்லாம விட்டது மட்டும் என்னால...

சிஜு: அண்ணே, அன்னைக்கே சொல்லிட்டேன். அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வண்டி போகட்டும், நீ யார்கிட்டயும் சொல்லாதே, அவனே ஒருநாள் வந்து சொல்லுவான்"னாரு. அப்புறம் வருஷா வருஷம் ஈஸ்டர் முடிஞ்சதும் பஸ் ஏறி இங்க வருவாரு. இந்தப் பெஞ்சுலதான் உக்காருவாரு. "லாடிபோ வந்தானா"ன்னுதான் முதல்ல கேப்பாரு.