கணவர் பெயரில் போகவிருந்த கவிதை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, பர் துபாயில் அஜ்மான் பேருந்துக்குக் காத்திருந்த வரிசையில், எனக்கு முன்னே நின்ற யாழ்ப்பாணப் பெண்மணிகள் இருவர் பேசியதைக் காதில் விழுந்தபடியே மாற்றாமல் எழுதுகிறேன். மூத்தவர் பிரெஞ்சு ஆசிரியை ஒருவரின் வீட்டில் பணிபுரிபவர். இளையவர் தாம் எழுதிய கவிதையைத் தமிழ்ச் சங்க மலருக்குக் கணவர் பெயரில் கொடுத்திருந்தார்.

“உன்ர மனுசன் ஒரு வரியாவது எழுதினவரோ?”

“கடைச் சாமான் சிட்டையே நான்தான் எழுதிக் குடுக்கிறனான், அக்கா.”

“எங்கட மேடம் பாடத்தில சொல்லிக் குடுக்கிற அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பொம்பிளையள் நானூறு வருசத்துக்கு முன்னமே சொந்தப் பேரில புத்தகம் போட்டிருக்கினமடி. அதுவும் காதல் கவிதை!”

“ஐயோ! புருசன்மார் ஏசேல்லையோ?”

“ஏசியிருப்பினம். என்ன ஏசினவை எண்டு இப்ப ஆருக்குத் தெரியும்? அந்தப் பொம்பிளையள் எழுதினதுதான் மேடத்தின்ர மேசையில கிடக்கு. நான்தான் தூசு தட்டுறனான்.”

 இளையவர் கைப்பேசியை எடுத்து, மலரின் ஆசிரியரை அழைத்தார்.

“அண்ணை, அந்தக் கவிதையில அவற்ற பேரை எடுத்துப்போட்டு என்ர பேரைப் போடுங்கோ. வசந்தி. ஓம், அவருக்குத் தெரியாது. மலர் வந்தாப் பிறகு தெரியட்டும்.”

பேருந்து வந்தது, இருவரும் முன்வாசலால் ஏறினர். அந்த மலர் என் கைக்குக் கிட்டவில்லை. ஆதலால் இக்குறிப்பையேனும் தங்கள் நூலகத்தில் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.