குயில் குடும்பத்தின் போன் வரிசை

காலையில் ஒரு வேதவசனம் அனுப்பாமல் நான் காபி குடிப்பதில்லை, ஃபாதர். உங்களுக்கும் தினமும் வருகிறதே. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குயில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதல்லவா? ரிட்டயர்டு டீச்சர், பொறுப்பாகப் பார்த்துக்கொள்வாள் என்று என்னை அட்மினாக்கிவிட்டார்கள்.

போன மாதம் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி சகாய பிரியா கூப்பிட்டாள். "மிஸ், குயில் வண்டியில பிரேக் ஆயில் போற பைப்பு வெடிப்பு வுடுதாம். கம்பெனியே வண்டிய திரும்பக் கூப்ட்டு சும்மா மாத்திக் குடுக்குது. ஜல்தியா எல்லாருக்கும் சொல்லிடுங்க. செகண்ட்ஹேண்டுல வாங்கினவங்களுக்கு லெட்டர் போவாது. பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போவும்."

கெட்ட செய்தியைக் குழுவில் போட்டு உடைக்க எனக்கு மனம் வராது. கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிள்ளைகளை விசாரித்து, பக்குவமாகச் சொன்னேன். குழுவில் இதைப் பேசிப் பீதி கிளப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். குழுவில் விருத்தாசலம் என்று ஒருவர், அவசரக்காரர், போட்டேவிட்டார். யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். அட்மினுக்கு அந்த வசதி உண்டு.

பாண்டுரங்கன் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். செகண்ட்ஹேண்ட் குயில். ஒருநாள் என் வசனத்துக்குக் கீழே, "டீச்சரம்மா, மோட்சத்துக்கு வழி அப்பால பாத்துக்கலாம். வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது, அத்த சொல்லுங்க" என்று எழுதினார். குழுவே சிரித்தது. நான் அன்றே அவரை மன்னித்துவிட்டேன். அவருக்காக ஒரு ஜெபமாலைகூடச் சொன்னேன். போன் வரிசையில் மட்டும் கடைசிக்குப் போய்விட்டார். அவர் முறை வந்த அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

போன வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். "டீச்சரம்மா, பிரேக்க மிதிச்சா உள்ள போய்க்கினே கீது. நாளைக்குக் குடும்பத்தோட திருவக்கரைக்குப் போறேன். ஒண்ணும் பேஜாரு இல்லியே?"

நோன்பும் வேண்டுதலுமாக ஒரு குடும்பம் கோயிலுக்குக் கிளம்பும்போது தடங்கலாக ஒரு வார்த்தை சொல்லலாமா? "பயப்படாதீங்க. நான் ஜெபம் பண்ணிக்கிறேன். நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றேன்.

வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ரோட்டில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் குவியலில் ஏறி, புளியமரத்தில் முட்டி நின்றது. குவியல் இல்லையென்றால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்களாம். மல்லாட்டை வியாபாரியை மல்லாட்டையே காப்பாற்றியிருக்கிறது. கடவுள் எவ்வளவு நல்லவர் பாருங்கள்.

அவருக்குக் கால் முறிவு. அவர் மனைவிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. நேற்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஜெபம் பண்ணதாலதான் உசுரோட கீறோம், டீச்சரம்மா" என்று அழுதார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்காகத்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தேன். உண்மையில் அன்று ஜெபம் பண்ண மறந்துவிட்டேன், ஃபாதர். பொய் பொய்தானே.

ஏன் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், உங்களுடையதும் குயில்தான். யாரோ காணிக்கையாகக் கொடுத்த செகண்ட்ஹேண்ட். உங்களுக்கு நான் இன்னும் போன் பண்ணவில்லை. பாண்டுரங்கன் எழுதியதற்குக் கீழே முதலில் சிரித்த முகம் போட்டது நீங்கள்தான். அதையும் அன்றே மன்னித்துவிட்டேன்.