யூதாஸ் குதிரை வலப்புறம் திரும்பியது குறித்து

என் பெயர் லெனோர் உரிசாகா. வயது அறுபத்தொன்று. கணவர் காலமாகிவிட்டார். நெவாடா மாநிலம், சால்ட் கிரீக் சாலையில் சொந்தப் பண்ணையில் வசிக்கிறேன். அரசு வேலைக்கு இடையூறு செய்ததாக என் மீதுள்ள குற்றச்சாட்டைத் துணை ஷெரிஃப் படித்துக் காட்டினார்.

பொதுநிலத்துக் காட்டுக் குதிரைகளைப் பிடித்து அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. அவை புல்லைத் தின்று தீர்க்கின்றனவாம். அதே புல்லில் இரண்டாயிரம் மாடுகள் மேய்வது உத்தரவு போட்ட அறிவாளிகளின் கண்ணில் படவில்லை. ஒப்பந்தக்காரர் டேல் ஹட்செல் என் சாம்பல் நிறக் குதிரை டஸ்டரை வாடகைக்குக் கேட்டார். ஹெலிகாப்டர் துரத்தி வரும் கூட்டத்துக்கு முன்னால் அவிழ்த்துவிட்டால் பழகிய குதிரை பட்டிக்குள் ஓடும், மற்றவை அதை நம்பிப் பின்னால் போகும். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரால் அதற்கு யூதாஸ் குதிரை என்று பெயர். போன வருடம் கொடுத்தேன். அன்று ஓடிய ஓட்டத்தில் ஒரு குட்டிக்குக் குளம்பு கழன்றது. ‘ஏற்கெனவே நோயுற்றது’ என்று ஹட்செல் எழுதிக் கொடுத்தார்.

இந்த வருடமும் கொடுத்தேன். மறுத்தால் வேறு குதிரை கொண்டுவருவார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஹட்செல் என்னிடம், "உங்க டஸ்டருக்கு வேலை அத்துப்படிம்மா. கண்ணைக் கட்டிவிட்டாலும் பட்டிக்குப் போயிடும்" என்றார். "அப்ப எனக்கென்ன வேலை, நான் ஓரமா நிக்கிறேன்" என்றேன்.

அதன் பிறகு, பட்டிக்குள் இருந்த ஓட்ஸ் வாளியை எடுத்துக்கொண்டு குதிரைகளைப் பட்டிக்குள் ஒதுக்கக் கட்டிய சாக்குத்துணி வேலி தொடங்கும் இடத்துக்கு வெளியே, வலப்புறப் பாறை மேல் நின்றேன். டஸ்டர் ஓடுவது பட்டிக்கு அல்ல, வாளிக்கு என்பது இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு டஸ்டரை அவிழ்த்தார்கள். அது வாளியைப் பார்த்துத் திரும்பியது, நாற்பத்து மூன்று குதிரைகளும் கூடவே திரும்பின. என்னைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் போயின. டஸ்டர் என் முன்னால் ஒரு நொடி நின்றது. ஓட்ஸில் வாய் வைக்கவில்லை. அவற்றின் பின்னால் ஓடிவிட்டது.

ஹட்செல் மூச்சிரைக்க வந்து, "உங்க குதிரையையாவது கூப்பிடுங்கம்மா. நீங்க கூப்பிட்டா வந்துரும், மத்ததும் பின்னாடியே வரும்" என்றார். அவர் அன்று சொன்ன ஒரே சரியான பேச்சு அதுதான். பதினொரு வருடம் நான் வளர்த்த குதிரை அது, பனிக்காலத்தை வெளியில் கழித்ததே இல்லை. கூப்பிட்டால் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது, ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.

(ஒப்பம்) லெனோர் உரிசாகா