மூணாவது டிராக்

காலையில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு தாடிக்காரரும் ஒரு நீலச் சட்டைக்காரரும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள்.

"மூணாவது டிராக்க மட்டும் கேக்காத மச்சான்" என்றார் தாடிக்காரர்.

"உன் ஆல்பத்த நீயே கேக்காதன்ற. வெளங்கிடும்."

"பூட்டின வீட்டுக்குள்ள ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சிட்டு மறுநாள் போயி எடுப்பேன். ஆளில்லாத வீட்டுல என்ன சத்தம் பதிவாகுதோ, எடிட்டே கெடையாது, அதான் மியூசிக். முதல் ரெண்டும் அருமையா வந்துருக்கு. மூணாவது உங்க செம்மண்டலம் வீடு."

"அடப்பாவி, செடிக்குத் தண்ணி ஊத்தத்தான்டா சாவி குடுத்துட்டுப் போனோம்!"

இருவரும் சிரித்தார்கள். நீலச் சட்டைக்காரர் மூன்றாவதையே போட்டு, கடைசி நிமிடத்துக்கு நகர்த்தினார். புதுச்சத்திரம் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னடா டக்குனு நின்னுடுச்சு? பேட்டரி தீந்துடுச்சா?"

"பாதிக்கு மேல இருந்துச்சு. நடக்கிற சத்தம் கிட்ட வருதுல்ல? அப்புறம் யாரோ ஆஃப் பண்ணிருக்காங்க. காலையில நான் போறப்ப பூட்டு போட்டபடியேதான் இருந்துச்சு."

"இத இப்ப சொல்றியா? நாங்க துபாய்லேர்ந்து வந்தே ரெண்டு நாள்தான் ஆவுது. அம்மா இப்ப அங்க தனியா இருக்காங்கடா!"

அவர் உடனே போன் செய்தார்.

"அம்மா, நீ கொஞ்சம் வெளிய வந்து... என்னது? இல்லம்மா, நான் திரும்பி வரல. சமையக்கட்டுல இருக்கறது நான் இல்ல. நான் இன்னும் பஸ்ஸுலதான் இருக்கேன்."