ஏழாவது மாடிக்கு மட்டும் தெரிந்த புகை

மாலை ஐந்தே முக்கால் மணி. செங்கம் ரோட்டை விட்டு ஏரிக்கரைக்கு இறங்கும் மண் பாதை. ஒரு பக்கம் கரும்பு வெட்டிய மொட்டைக் கொல்லை, இன்னொரு பக்கம் காய்ந்த ஏரி. ஆள் இல்லை, ஆடுகூட இல்லை... அந்தப் பாதையில் ஒருத்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறான். இப்போது வேலைக்கு வராமல் இருக்கிறானே நம் சின்னசாமி, அவன் மச்சான் கண்ணாயிரம்.

"அஞ்சே முக்காலுக்கு வெளிச்சம் இருக்குமேண்ணே. பேய் எப்படி வரும்?" என்கிறான் செழியன்.

செழியா, நீ இப்போது சொல்லி முடித்த கதையில் வெள்ளைச் சேலை வந்தது, மல்லிகைப்பூ வந்தது, கொலுசு வந்தது. கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பியவள் வழி தவறி வந்திருப்பாள். அதற்குப் போய் இந்த அன்புச்செல்வி பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். கரண்ட் இல்லை. விடிந்ததும் தளம் போட வேண்டும், அதுவரை கொசுவோடு இந்த மூன்றாம் மாடியில் கிடக்க வேண்டும். சும்மா கேளுங்கள்.

"சொல்லுங்கண்ணே. நாங்கல்லாம் பிழிஞ்சு காயப்போடுற மாதிரி வேர்த்துக் கெடக்குறோம். உங்க சட்டை மட்டும் காலைலேர்ந்து மொடமொடன்னு அப்படியே இருக்குது. வேலை செஞ்சவர் சட்டையா அது?" என்கிறான் செழியன்.

அன்புச்செல்வி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அதோ, ஊரே இருட்டில் கிடக்க, ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் உயரத்தில் ஒரே ஒரு விளக்கு எரிகிறது பாருங்கள். ஏழு மாடிக் குடியிருப்பின் உச்சி. அருள்ராஜ் சார் வீடு. சென்னையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலை தெரிகிற வீடுதான் வேண்டும் என்று வந்தார். இங்கே அவருக்கு ஒரே உத்தியோகம், பார்ப்பது. பால்கனியில் நாற்காலி, கழுத்தில் பைனாகுலர், மடியில் நோட்டு. மேகம் எந்தப் பக்கம் போனது, மலை எத்தனை மணிக்குச் சிவந்தது, எவன் குப்பை கொளுத்தினான், எல்லாம் தேதி போட்டு எழுதுவார். 'ராஜகோபுரத்தில் இன்னொரு நிலை இன்று மறைந்தது' என்று எழுதி வருத்தப்படுவார். மறைப்பது நாம் கட்டுகிற இந்தக் கட்டடம்தான். அவர் உட்கார்ந்திருக்கும் ஏழு மாடி எத்தனை பேருக்கு மலையையே மறைத்தது என்று அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது.

அந்தக் குடியிருப்புக்குத்தான் கண்ணாயிரம் வாட்ச்மேன். எங்காவது புகை தெரிந்தால் அவனுக்கு போன் வரும். போய் அணைத்துவிட்டு வா. ஒரு ஏழை உலை வைத்தாலும் சாருக்கு வானம் கெட்டுப்போகும்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் அதே மாதிரி போன். ஏரிக்கரையில் வெள்ளைப் புகை என்றார். இவன் சைக்கிளை மிதித்துப் போனான். சாம்பல்கூட இல்லை.

"சார், இங்க ஒண்ணும் இல்லீங்க."

"என்னய்யா இல்லைங்குற? நீ நிக்கிற எடத்துலேர்ந்துதான் வருது. தள்ளிப் பாரு."

பத்தடி தள்ளி நின்றான்.

"இப்ப அங்க வருது."

கரைமேல் ஏறினான்.

"கரை மேல வருது... யோவ், பீடி பிடிக்கிறியா?"

பீடி இல்லை. கண்ணாயிரம் மூச்சை இழுத்துப் பார்த்தான். ஈர மண் வேகிற வாசனை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

ஏழு மாடி நிற்கிற நிலத்தில் முன்பு செங்கல் சூளை இருந்தது. இவன்தான் அங்கே தீ வைக்கிறவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி. அடுக்கிய, இன்னும் சுடாத பச்சைக் கல்லுக்கு அடியில் ஏழு வாய், ஆள் தவழ்ந்து போகிற அகலம். பனிக்கு அதற்குள் நாய் படுக்கும். சில நாள் மனுஷனும் படுப்பான். அதனால் தீ வைக்கும் முன் ஒவ்வொரு வாயிலும் குனிந்து குரல் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி நின்று விரட்டினான். ஆறு வாயில் குரல் கொடுத்தான் கண்ணாயிரம். ஏழாவதில் கொடுக்கவில்லை.

தீ பிடித்தது. வாயைச் சேறு பூசி அடைக்க இன்னொருத்தன் இருந்தான். அவன் பூசும்போது ஏழாவது வாய்க்குள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது... விறகை வெளியே இழுத்திருக்கலாம். இழுத்தால் லட்சம் கல்லும் வெடித்துப் பாழாகும்.

"நாய்தான்," என்றான் கண்ணாயிரம்.

"ஆமா, நாய்தான்," என்றான் சேறு பூசியவன். பூசி முடித்தான்.

நாய் 'அண்ணே' என்று கூப்பிடாது.

கூப்பிட்டவன் பெயர் வல்லரசு. கூட வேலை செய்தவன், அடி அண்ணாமலைக்காரன். பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்று அவன் அம்மா தங்கம்மாளிடம் இரண்டு பேரும் போய்ச் சொன்னார்கள். அவளும் நம்பினாள். இப்போதும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுக்குக் காபி விற்கிறாள். காபி வாங்குகிற கையைப் பார்க்க மாட்டாள், முகத்தைத்தான் பார்ப்பாள்.

சூளைப் புகைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வெள்ளை. பச்சைக் கல்லில் இருக்கிற தண்ணீர் போகிறது என்று அர்த்தம். பிறகு கறுப்பு, தீ ஏறிவிட்டது. கடைசியில் புகையே இருக்காது. கல் வெந்துவிட்டது. வெள்ளையாக இருக்கும்வரை தீயை இழுக்கலாம். கறுத்த பிறகு சூளையை யாரும் நிறுத்த முடியாது.

கண்ணாயிரத்துக்குப் புரிந்துபோனது. தங்கம்மாளிடம் உண்மையைச் சொன்னால்தான் தனக்குள் பிடித்த இந்தத் தீயை இழுக்க முடியும். தினம் சாயங்காலம் மாடிக்கு போன் போடுவான். "சார், இன்னிக்கு என்ன கலருங்க?" சாருக்கு ஒரே சந்தோஷம், தன் நோட்டை மதிக்க ஒரு ஆள் கிடைத்தான் என்று. "வெள்ளைதான் கண்ணாயிரம். இன்னிக்கு நம்ம கேட்டாண்டயே வருது. யாருன்னு பாரு." கேட்டில் கண்ணாயிரத்தைத் தவிர யார் இருந்தார்கள்? கீழே குனிந்து ஒரு மனுஷனைப் பார்க்கத் தெரியாத கண்ணுக்கு பைனாகுலர் ஒரு கேடு.

சித்திரை வெயிலில் கண்ணாயிரத்துக்கு வேர்ப்பது நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஒரு சொட்டு வேர்வை இல்லை. பயந்துபோய் அந்தச் சேறு பூசியவனைத் தேடிப் போனான்.

"வாயை மூடிக்கினு இரு. சொன்னா ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் போவணும்," என்றான் அந்த வீரன்.

நாலாம் நாள் கண்ணாயிரம் தனியாகவே அடி அண்ணாமலைக்குப் போனான். தங்கம்மாள் உட்காரச் சொன்னாள், செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"என் புள்ளையப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதாப்பா?"

வாயைத் திறந்தான். என்ன வந்தது தெரியுமா?

"நல்லா இருக்கானாம்மா. கொழந்தை பொறந்திருக்குதாம்."

அவள் உள்ளே போனாள். கோயிலில் வாங்கிவைத்த கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்து வந்தாள். "கண்ணு பட்டுடப் போவுது. கொழந்தை கையில கட்டச் சொல்லுப்பா." வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். தூ.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து போன். "கறுத்துடுச்சு கண்ணாயிரம். கன்னங்கரேல்னு வருது."

மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் சார் குரலில் உற்சாகம். "இன்னிக்குப் புகையே இல்லய்யா. நான் மேல எழுதிப் போட்டேன்ல, பயந்துட்டானுங்க." நோட்டில் 'வானம் மிகத் தெளிவு' என்று எழுதினாராம்.

கண்ணாயிரம் அந்த போனைக் காதில் வைத்தபடி கேட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு காயம் இல்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். சாவுக்கு நானும் போனேன். அவன் பொண்டாட்டி ரேணுகாம்பாள் அழுது மேலே விழுந்தாள். அவள் வளையல் அவன் மார்பில் பட்டது. கல் வாங்கும்போது நாம் இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்ப்போமே... நன்றாக வெந்த கல்லுக்கு ஒரு சத்தம் உண்டே...

கிண்.

அழுதவள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து தள்ளி நின்றாள். பாடை தூக்கிய நாலு பேரில் சின்னசாமியும் ஒருத்தன். அதற்குப் பிறகு அவன் செங்கல்லைத் தொடவில்லை. வேலைக்கு வராதது சோம்பேறித்தனம் என்று நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள்.

செழியன் சிரிக்கவில்லை. அன்புச்செல்விதான் கேட்கிறாள். "அந்தச் சேறு பூசுன ஆளு என்னா ஆனான்ண்ணே?"

இருக்கிறான். மூன்று நாளாக அருள்ராஜ் சார் நம் இன்ஜினியருக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கட்டடத்திலிருந்து புகை வருகிறதாம். சைட்டில் அடுப்பு மூட்டாதே என்று இன்ஜினியர் உங்களைத் திட்டினாரே, நாம் எங்கே மூட்டினோம்? கடையில் வாங்கித்தானே தின்கிறோம். வெள்ளைப் புகையாம். இன்றைக்குச் சாயங்காலம்கூட வெள்ளைதானாம். அதனால் அவன் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான். நாளைக்குத் தளம் போட்டுவிட்டு தங்கம்மாள் வீட்டுக்குப் போகலாம், இல்லை ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்கிறான். இரவானால் நாலு பேரை உட்காரவைத்து, வேறு எவனுக்கோ நடந்த மாதிரி கதை சொல்கிறான். அவ்வளவுதான் அவன் வீரம்.

செழியா, அந்தத் தண்ணீர் பாட்டிலை இப்படித் தள்ளு. அதுவும் காலியா? சரி விடு. சட்டை ஏன் நனையவில்லை என்று கேட்டாயே. கிட்டே வா. என் முதுகைத் தொட்டுப் பார்.

தொடுகிறான்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறான். இருட்டில், விரல்களை வாயருகே வைத்து ஊதுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.